எட்டு போல்ட் மூடி

என் தம்பிக்கு வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் போன வருஷம் மர மில்லில் ரம்பத்தோடு போய்விட்டன. அப்படிப்பட்டவன் வீட்டுக் கொல்லையில் சொந்தமாக ரம்ப மில் கட்டப் போகிறேன் என்று வந்து நின்றால் கூடப்பிறந்தவளுக்கு எப்படி இருக்கும்?

"வேற வேலையே கிடைக்கலையாடா உனக்கு?"

"தெரிஞ்சது இதுதானே அக்கா."

கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறை என்னுடையது. நான் மாட்டேன் என்றால் வேறு எவனையாவது பிடித்து அரைகுறையாகப் பற்றவைத்துக்கொள்வான். அதனால் திட்டிக்கொண்டே செய்தேன். ரம்பப் பட்டை, அதாவது பல் வெட்டிய நீள இரும்பு வளையம், சுற்றி ஓடுவதற்கு இரண்டு கார் சக்கரங்கள் வேண்டும், டயரோடு. அவன் முதலில் வாங்கி வந்ததில் ஒரு டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. அதில் பட்டையை மாட்டினால் வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். "காத்து நிறைய அடிச்சா சரியாயிடும்" என்றான். டயரைத் தூக்கி அவன் காலடியிலேயே எறிந்தேன். பழைய தண்ணீர் பம்பு ஒன்றின் மோட்டார் கிடைத்தது. பட்டையை இழுத்துப் பிடிக்க லாரி ஜாக்கியின் திருகு. மரத்தின் மேல் மில் நகர்ந்து போக, இடித்த கொட்டகை ஒன்றின் இரும்புச் சட்டங்களையே தண்டவாளமாகப் போட்டோம்.

எல்லாம் சேர்ந்துவிட்டது, சக்கரத்தில் கை படாமல் தடுக்கிற மூடியைத் தவிர. கேட்கும்போதெல்லாம் "கடைசியில பாத்துக்கலாம்" என்றான்.

"மூடி இல்லாம மோட்டாருக்கு ஒயர் குடுக்க மாட்டேன். மிச்சம் இருக்கிற விரலாவது இருக்கட்டும்."

மூடி என்றாலே எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். விரல் போனபோது விசாரிக்க வந்தவர்களிடம் அந்த மில்காரன் என்ன சொன்னான் தெரியுமா? மெஷினில் மூடி இருந்ததாம், என் தம்பிதான் கழற்றிவிட்டானாம். ஒரு வருஷமாக அந்த ஆளைத் திட்டாமல் நான் சோற்றில் கை வைத்ததில்லை. ஒரு நாள் மில் வாசலுக்கே போய், வேலைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னை இழுத்து வந்தான். பாவம், கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன்.

மூடிக்குத் தகடு தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். அவன் வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே சுவரோரம் ஒரு பச்சை மூடி சாய்ந்திருந்தது. வட்டத் தகடு, சுற்றிலும் எட்டு ஓட்டை. ஓரத்தில் ஒரு விரிசலைப் பற்றவைத்த தடம் இருந்தது. என் வெல்டிங்கை எனக்குத் தெரியாதா? மில்லிலிருந்து தம்பி எடுத்து வந்து, நானே பற்றவைத்துக் கொடுத்த மூடி.

"இது எப்ப வந்துச்சு?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அது கிடக்குதும்மா ரெண்டு வருஷமா. வாசல்ல நிக்கிறாரே, அவர்தான் மில் இரும்போட வண்டியில கொண்டாந்து போட்டாரு."

விரல் போனது போன வருஷம். வெளியே வந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான்.

"நீயாடா கழட்டினே?"

"எட்டு போல்ட் அக்கா. ஒரு நாளைக்கு நாலு தடவை பட்டை மாத்தணும். அதுக்குள்ள மில்காரன் கத்துவான். கழட்டிச் சுவரோரம் வெச்சோம். அப்புறம் சுவரோரம் கிடக்கிற இரும்பையெல்லாம் அள்ளிட்டுப் போய்ப் போடுன்னான். அள்ளிட்டு வந்தேன்."

"ஒரு வருஷமா நான் தெருத்தெருவாக் கத்துறேன். வாயத் திறந்தியா நீ?"

"நானே கொண்டாந்து போட்டேன்னு எப்படிச் சொல்றது?"

மில்காரன் இதனால் யோக்கியனாகிவிடவில்லை. நாலு தடவை திறக்க வேண்டியதற்கு எட்டு போல்ட் வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத் தாமதத்துக்குக் கத்துகிறவன் மனுஷனா? ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பச்சை மூடியை அங்கேயே விட்டுவிட்டு வேறு தகடு வாங்கி வந்தேன்.

புது மூடிக்குப் போல்ட்டே வைக்கவில்லை. கீல் வைத்துக் கதவாகவே செய்தேன், ஒரு கையால் திறக்கிற மாதிரி. பழைய லிஃப்ட் ஒன்றின் கதவு ஸ்விட்சைத் தேடி வாங்கி அதில் பொருத்தினேன். கதவு சாத்தியிருந்தால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும்.

"இதெல்லாம் எதுக்கு அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான்.

முதல் மரத்தை ஏற்றினோம். பட்டை நேராகத்தான் போனது. பாதிப் பலகையில் மரத்தூள் அடைத்துக்கொண்டது. அவன் மோட்டாரை நிறுத்தவில்லை. பழக்கதோஷத்தில் இடது கையால் கதவைத் திறந்து, வலது கையை உள்ளே நீட்டினான். மோட்டார் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் திடுக்கிட்டு அவன் கை பட்டைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சக்கரங்கள் ஓடிய வேகத்தில் பட்டை இன்னும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போய் ஓங்கி ஓர் அறை விட்டேன். அவன் கன்னத்தைத் தடவவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கும் தூள் தட்டத்தான் கையை விட்டேன் அக்கா."

இன்னொரு அறை விடக் கையை ஓங்கினேன். முடியவில்லை. பட்டை முழுசாக நிற்கிற வரைக்கும் அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.