இன்னும் ஒரு ராடு

ஞானம்மாளுக்கு முதலில் போனது இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியில் கர்ப்பப்பை. சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் தெருமுனைக் குழாய் ஒன்றுதான் கதி. விடிந்தும் விடியாமலும் தண்ணீர் விடுவான். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாகப் பத்து வருஷம் சுமந்தாள். உடம்பு என்ன இரும்பா? கர்ப்பப்பை இறங்கிவிட்டது. டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "ஆபரேஷன் பண்ணியாகணும். இனிமே ஒரு சொம்புகூட தூக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன, அந்த அம்மா வீட்டில் மோட்டார் இருந்திருக்கும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனால் செலவில்லை. ஆனால் மாதக்கணக்கில் அலைய வேண்டும், கூடவே ஆள் வேண்டும். அவள் புருஷன் சவுரிமுத்து வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவன். சைக்கிளின் இரண்டு பக்கமும் டிஸ்டெம்பர் டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தாம்பரம், குரோம்பேட்டை என்று போய்வருவான். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு உலை வைக்க முடியாது. அதனால் பக்கத்து நர்சிங் ஹோமிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏலச்சீட்டை நிறையத் தள்ளி எடுத்தார்கள். பணம் மாதா படத்துக்குப் பின்னால் தகர டப்பாவில் இருந்தது.

அது வந்ததும்தான் ஞானம்மாளுக்கு யோசனை ஓட ஆரம்பித்தது.

"ஆபரேசன் பண்ணிக்கினு வந்து படுத்துட்டா தண்ணி யாரு புடிப்பாங்க? எந்திரிச்சி மறுபடி தூக்குனா மறுபடி எறங்கும். மொதல்ல போர் போட்டுக்கலாம்யா."

"ரெண்டுக்கும் பத்தாது, ஞானம்."

"பாதி போருக்கு, பாதி ஆபரேசனுக்கு. மீதிக்கு அங்க இங்க பொரட்டலாம். பக்கத்துல சுந்தரவல்லி வூட்ல நூத்தியெம்பது அடியிலேயே பீச்சிக்கினு வந்துச்சே. நமக்கு மட்டும் இன்னா வராமலா பூடும்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவளுக்குப் பயமெல்லாம் சவுரிமுத்துவைப் பற்றித்தான். சீட்டாட உட்கார்ந்தால் கடைசிக் காசு போகிற வரைக்கும் எழுந்திருக்கத் தெரியாத ஆள். ஆகவே மாதா படத்தின் மேல் அவன் கையை வைக்கச் சொல்லி, இருநூறு அடிக்கு மேல் ஒரு அடிகூடப் போடுவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். தானும் ஒரு கையை வைத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை.

போர் வண்டி காலையிலேயே வந்துவிட்டது. அப்பா, என்ன சத்தம்! தெருவே அதிர்ந்தது. இருபது அடி நீளமுள்ள இரும்புக் குழாயை, ராடு என்பார்கள், ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டி இறக்கிக்கொண்டே போனார்கள். உள்ளேயிருந்து வெள்ளைப் பவுடராகப் பாறைதான் வந்தது. நூற்றெண்பதில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பவுடர். இருநூறிலும் அதே பவுடர்.

"போதும், நிறுத்துங்கண்ணா," என்றான் சவுரிமுத்து.

வண்டி ஏஜென்ட் ஏகநாதன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்க இஷ்டம். இப்ப வுட்டா போட்டதெல்லாம் போனதுதான். மறுபடி வண்டி வந்தா மறுபடி வாடகை. இன்னும் ஒரு ராடு எறக்கினா தெரிஞ்சிடும்." அவன் கெட்ட ஆளில்லை. தினமும் ஒரு வாசலில் நின்று சொல்கிற வார்த்தை அது.

சவுரிமுத்து தலையை ஆட்டினான். "வேணாம்ணா. சத்தியம் பண்ணிக்கீறேன்."

"எறக்குங்க," என்றாள் ஞானம்மாள்.

"ஏய், நீதானேடி..."

"இவ்ளோ போட்டாச்சு. வுட்டா அத்தினியும் மண்ணு. எறக்குங்கண்ணா!"

இதே கேள்வியை முந்தின நாள் அரிசி களைகிறபோது யாராவது கேட்டிருந்தால் பட்டென்று சரியான பதில் சொல்லியிருப்பாள். இப்போது காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. காது அடைத்துப்போய், அடிவயிறு கல் கட்டின மாதிரி இழுத்தது. குழிக்குள் போன பணம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. டப்பாவில் இருந்த பணம் பணமாகவே படவில்லை. ஒரு ராடு இறங்கியது, பவுடர். இன்னும் ஒரு ராடு. திடீரென்று பழுப்பாக ஒரு களிமண் கட்டி வந்து விழுந்தது.

"ஈரம்டி, ஞானம்!" என்று பக்கத்து வீட்டு சுந்தரவல்லி கத்தினாள்.

ஞானம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து ஸ்டூல் மேல் ஏறி டப்பாவை இறக்கினாள். சவுரிமுத்து கையைப் பிடித்தான்.

"உன் ஒடம்புக்கு வெச்ச காசு அது, ஞானம்."

"என் ஒடம்புதானே? வுடுய்யா கைய!"

ஈரம் அந்த ஒரு கட்டியோடு சரி. டப்பாவின் அடி தெரிகிற வரைக்கும் அதற்குப் பிறகு புழுதிதான் வந்தது. வண்டி போனபின் குழியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு சவுரிமுத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் வழக்கம்போல் குடத்தை எடுத்தாள். அவன் வந்து வாங்கிக் கீழே வைத்தான். கொல்லையில் கிடந்த பழைய டிஸ்டெம்பர் டப்பாக்களில் இரண்டைத் தேய்த்துக் கழுவி சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஞானம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். குழாயடியில் பேச்சு சட்டென்று நின்றது.

"இன்னாண்ணா, வழி தெரியாம வந்துட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். பெண்கள் சிரித்துவிட்டு இடம் விட்டார்கள். ஞானம்மாள் இரண்டு நடை நடந்து கொண்டுவருகிற தண்ணீர் ஒரே நடையில் வந்து சேர்ந்தது. இன்னொரு நடையில் அண்டா நிறைந்து, தவலை நிறைந்து, அதற்கப்புறமும் வேலைக்குக் கிளம்ப அவனுக்கு நேரம் இருந்தது. படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான்.

ஞானம்மாள் சைக்கிளைப் பார்த்தாள். டப்பாக்களைப் பார்த்தாள். பத்து வருஷமாக இந்த வீட்டிலேயே இருந்தவைதான் இரண்டும்.

"ஏன்யா, இத்தினி வருசமா இது உன் புத்திக்கு எட்டவேயில்லையா?"

"கொயாயடிக்கு ஆம்பள எங்கனா போவானா?" என்றவன் பீடிச் சாம்பலைத் தட்டிவிட்டுச் சொன்னான்: "நீயும் ஒரு நாள் கேக்கலியே, ஞானம்."

வாஸ்தவம். ஆபரேஷனா, போரா என்று எத்தனை நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! அப்போதும் சைக்கிள் சுவரில்தான் சாய்ந்திருந்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அடிவயிறு இழுத்தது. உட்கார்ந்து அழலாம் என்றால் அதற்கும் தெம்பில்லை.

"அடுத்த சீட்டு முடியறதுக்கு ரெண்டு வருசம் ஆவும்," என்றாள்.

"ஆவட்டும்," என்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான் அவன். "அதுவரைக்கும் சொம்பத் தொடாத."