உலர்ந்த துணி

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்த வேகத்திலேயே, வந்தவர் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று கண்ணாடிக் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க லென்ஸ் போட்டுக் குடுத்தீங்க? வாங்கி கொஞ்ச நாள்தான் ஆச்சு. எல்லாம் கோடு கோடா இருக்கு."

கடைக்காரர் பதறவில்லை. இந்தக் குற்றச்சாட்டு அவருக்குப் பழகிப்போனது. லென்ஸை விளக்குக்குக் கீழே பிடித்து லேசாகச் சாய்த்தார். மெல்லிய கோடுகள், பாதி வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து கிடந்தன.

"சட்டை நுனியில துடைப்பீங்களா?"

"ஆமா. அதனால என்ன?"

"மேல தூசி இருக்கும். காஞ்ச துணியால தேச்சா அந்தத் தூசிதான் கீறும். உங்க கை எப்படி வளையுதோ, கோடும் அப்படியே வளையும். பாருங்க. பின்ன, பூனையா வந்து கீறிட்டுப் போச்சு?"

வந்தவர் சிரித்துவிட்டார். கடைக்காரரால் சிரிக்க முடியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவர் சொல்வது 'பேயா வந்து கீறிச்சு' என்பதுதான். இன்று பூனை தானாக வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த பூனை அதற்குப் பிறகு நகரவே இல்லை. வந்தவரிடம் தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லி, ஒரு மென்துணியைச் சும்மாவே கொடுத்து அனுப்பினார். பிறகு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

காரணம் கார். கறுப்புக் கார், வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் கார். வாங்கிய நாளிலிருந்து அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். மனைவிகூட ஒருநாள், "என்னை இப்படி ஒரு தடவையாவது உத்துப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

வில்லன், கீழ்வீட்டுத் தையலக்காவின் பூனை. நாள் முழுக்க உட்கார்ந்தபடி எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் கட்டடமே அதை மேனேஜர் என்றுதான் கூப்பிடும். மாலையில் அவர் காரை நிறுத்தி இறங்கியதும், எஞ்சின் சூடு ஆறுவதற்குள் மேனேஜர் போனட்டில் ஏறிப் பணியில் அமர்ந்துவிடும். காலையில் பார்த்தால் பூப்பூவாகக் காலடித் தடம், பக்கத்திலேயே மெல்லிய கீறல்.

அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அடிக்கவும் கூடாது, பயமுறுத்தவும் கூடாது என்று மனைவி சொன்னதை ஒத்துக்கொண்டார். அவள் தேடிப் படித்துச் சொன்னபடி ஆரஞ்சுத் தோலைப் பரப்பினார். மேனேஜர் அதை முகர்ந்து பார்த்து, ஒதுக்கிவிட்டுப் படுத்தது. வினிகர் கலந்த தண்ணீரைக் காரைச் சுற்றித் தெளித்ததில் அவருக்குத்தான் தும்மல் வந்தது. உறை வாங்கிப் போட்டால், உறைக்குள் புகுந்துகொண்டது. கடைசியில் தையலக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். துணிவெட்டுகளை அடைத்து மெத்தை தைத்து, மாடிப்படித் திருப்பத்தில் மாலை வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் போட்டாள். "அதுக்கு வேண்டியது சூடு தம்பி, உங்க கார் இல்ல" என்றாள். மறுநாளிலிருந்து மேனேஜர் அங்கேதான் படுத்தது.

ஆனால் கீறல் நிற்கவில்லை. காலையில் பார்த்தால் புதிதாக ஒன்று. அவர் இன்னும் உற்றுப் பார்த்தார், பார்ப்பதற்காக இன்னும் அழுத்தித் துடைத்தார். மஞ்சள் துணியால், தினமும், கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

பிறகு ஒருநாள் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வாசலில் இருந்த நேரம். "வளக்கத் தெரியலன்னா எதுக்கு வளக்கறீங்க? ஊர்ச் சொத்தெல்லாம் உங்க பூனைக்கு நகம் தேச்சுக்கவா?" தையலக்கா கிட்டே வந்தாள். கழுத்தில் அளவுநாடா தொங்க, குனிந்து, அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ. அடுத்த வாரம் மாடியேறி வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்று சொன்னாள். "நாத்தனார் வீட்டுல விட்டுட்டேன் தம்பி. இனிமே வராது."

அன்று அவர் மனதில் வந்தது நிம்மதிதான். அதை இப்போது நினைக்கும்போது காது மடல் சுட்டது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனுஷன், சொந்தக் கையை ஒருநாள்கூடக் கவனிக்கவில்லை.

கடையைச் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காரைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. இருந்தாலும் குனிந்து பார்த்தார். பாதி வட்டங்கள், அவருடைய கை எட்டும் தூரம் வரைக்கும். படித்திருப்பத்தில் மெத்தை அப்படியே கிடந்தது, நடுவில் ஒரு பள்ளத்துடன்.

தையலக்கா கதவைத் திறந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது.

"மறுபடியும் கோடு விழுந்திருச்சா தம்பி? சத்தியமா அவன் இங்க இல்ல. உள்ள வந்து வேணா பாருங்க."

யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. தன்னைக் கண்டு ஒருத்தி இப்படிப் பயப்படுவாள் என்று அவர் நினைத்ததில்லை.

"இல்லக்கா. வாங்க, போய்க் கூட்டிட்டு வந்துடலாம். காருலயே போகலாம்."

அவளால் நம்ப முடியவில்லை. "திரும்ப ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாதுக்கா."

"எப்படிச் சொல்றீங்க?"

சொல்லியிருக்கலாம், நல்ல இடம்தான். "போற வழியில சொல்றேன்" என்றார்.

அவள் மூடி போட்ட கூடையோடும் ஒரு துண்டோடும் வந்தாள். துண்டு பூனைக்கு என்று அவர் நினைத்தார். அவளோ அதை முன் இருக்கைமேல் விரித்து, ஓரங்களை நீவிவிட்டு, செருப்பை வெளியே தட்டிவிட்டு, அதற்குப் பிறகே உட்கார்ந்தாள். முதுகைச் சாய்க்கவில்லை.

முதல் தெருவும் அடுத்த தெருவும் போயின. அவர் வாயைத் திறப்பதும் கியரை மாற்றுவதுமாக இருந்தார். பெரிய சாலையில் திரும்பியதும் மாலை வெயில் நேராக போனட்டில் விழுந்தது. நிழலில் தெரியாத கோடுகள்கூட எழுந்து மின்னின.

தையலக்கா முன்னால் குனிந்து பார்த்தாள். கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவா கீறி வச்சிருக்கான்! அன்னைக்கு நிழல்ல எனக்குச் சரியாத் தெரியல. நீங்க கோவப்பட்டதுல தப்பே இல்ல தம்பி. அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன்."

அவர் காரை ஓரம் கட்டினார். கதவுப் பையிலிருந்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு இறங்கி முன்பக்கம் போய் நின்றார். துணியைப் பந்தாகப் பிடித்து, தொட்டும் தொடாமலும், ஒரு கோட்டின் மேலேயே கையைக் கொண்டுபோனார். கோடு வளைந்த இடத்தில் கையும் வளைந்தது, முடிந்த இடத்தில் நின்றது. அடுத்த கோடு. அதற்கு அடுத்தது.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். முன்கண்ணாடியின் மேல்பாதி முழுக்க வானம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே, கூடையின் மூடிமேல், அவள் கைகள் அசையாமல் இருந்தன.