ஓரம் தைக்காத பொட்டலம்

தையற்கார அம்மாள் தம் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்காகக் கட்டிவைத்த பொட்டலம், அந்த மகள் இறந்த மறு ஆண்டில் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது. இதை முதலில் கண்டவரும் அம்மாளே. திரைச்சீலைக் கடையில் பகல் முழுவதும் சன்னல்களின் நீள அகலத்தோடு மல்லுக்கட்டுகிறவர் ஆதலால் அவருடைய கண்ணளவு பிசகுவதில்லை. கூடத்து மூலையில் நின்றிருந்த பொட்டலத்தின் தலைப்பக்கத் தையல் விம்மி, நூல் தெறிக்கும் நிலையில் இருந்தது. அவர் அலறவுமில்லை, யாரையும் அழைக்கவுமில்லை. கணவரின் பழைய காக்கிச் சட்டையிலிருந்து ஒரு கையை வெட்டியெடுத்து, வளரும் பிள்ளையின் கவுனுக்கு ஒட்டுக் கொடுப்பதைப் போல, அந்த இடத்தில் பொறுமையாக ஒட்டுக் கொடுத்தார்.

அந்த வீட்டில் பரிசுகளைக் கடைத் தாளில் சுற்றும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. கடையில் மிஞ்சிய திரைத்துணி, கம்பி ஒடிந்த குடையின் கறுப்புத் துணி, காலாவதியான பேருந்து வழித்தட வரைபடம், எவர் கோட்டிலிருந்தோ உதிர்ந்த பித்தளைப் பொத்தான் என்று குப்பைக்குப் போக வேண்டிய எதுவும் அம்மாளின் கை பட்டால் புது மாப்பிள்ளை போல நிமிர்ந்து நிற்கும். இதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, உறையைக் கிழிக்கக் கூடாது; முடிச்சை அவிழ்த்து, உறையை மடித்து, அடுத்த பரிசுக்காக அம்மாளிடம் திருப்பித் தந்துவிட வேண்டும். இரண்டு, அந்த முடிச்சில் பரிசுக்கு உரியவரின் கை மட்டுமே படலாம். பேருந்து ஓட்டுநரான கணவர் ஒவ்வொரு பிறந்தநாளிலும், "பரிசு நமக்கு, உறை உனக்கு. இதுல லாபம் யாருக்குன்னு நீயே சொல்லு" என்று சீண்டுவார். அம்மாள் கையை நீட்டி உறையை வாங்கிக்கொள்வார்.

மகளை வீட்டில் சுண்டு என்று அழைத்தார்கள்; சுண்டுவிரல் அளவே பிறந்தவள் என்பது காரணம். ஏழாவது பிறந்தநாளுக்கு அவளுக்கு மஞ்சள் நிற மழைக்கோட்டு ஒன்று வாங்கப்பட்டது. வளர்கிற பிள்ளையாயிற்றே என்று ஓட்டுநர் ஓர் அளவு பெரிதாகவே கேட்டு வாங்கி வந்தார். மடித்துவைத்தால் கோடு விழும் என்பது திரைச்சீலை தைப்பவரின் கவலை. ஆகவே அம்மாள் பழைய நாள்காட்டி அட்டைகளை ஒட்டி, சுண்டுவின் உயரத்துக்கு நெட்டையாக ஒரு பெட்டி செய்து, கோட்டை அதனுள் தொங்கவிட்டு, நீலத் திரைத்துணியால் உறை தைத்தார். பிறந்தநாள் விடிந்தபோது உறையின் அடியோரத்தில் ஒரு சாண் மட்டும் மடித்துத் தைக்கப்படாமல் பாக்கியிருந்தது. வெளியே மழை.

"அம்மா, உள்ள என்னன்னு எனக்குத் தெரியும். மழைக்கோட்டுதானே? இப்பவே குடேன், போட்டுட்டுப் போறேன்."

"ஓரம் தைக்காமக் குடுத்தா நல்லாவா இருக்கும்? ஒரு சாண்தான் பாக்கி. சாயங்காலம் தரேன், கண்ணு."

"எனக்குப் பரவாயில்லம்மா."

"எனக்கு மனசு ஒப்பாதுடீ. ஓடு, மணியாச்சு."

சுண்டு பள்ளிப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினாள். மாலையில் தொப்பலாக நனைந்து திரும்பியவளுக்குப் பொட்டலத்தைப் பார்க்கும் தெம்புகூட இல்லை. படுத்தாள், காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த ஊசி, கோத்த நூலோடு, அந்த ஒரு சாண் ஓரத்திலேயே குத்தியபடி நின்றது.

அதன்பின் பொட்டலம் ஆண்டுதோறும் வளர்ந்தது. சுண்டுவின் அண்ணனுக்குக் குட்டையாகிப்போன பள்ளிச் சட்டை, கோணிப்பை, மேசை விரிப்பு, நைந்த கழுத்துப் பட்டை எல்லாம் அதில் ஒட்டுகளாக ஏறின. உள்ளே இருந்த அட்டைப் பெட்டியும் தன் பங்குக்கு வளர்ந்துகொண்டதால் அதைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. கதவு நிலையில் பிள்ளைகள் இருவரின் உயரத்தையும் பென்சிலால் குறித்துவந்த ஓட்டுநர், ஒரு பிறந்தநாளில் பொட்டலத்தை நிலையருகே நகர்த்தி, சுண்டுவின் கடைசிப் பென்சில் கோட்டுக்கு மேலே புதிய கோடு ஒன்றைப் போட்டார். மறு ஆண்டும் போட்டார். பன்னிரண்டாம் வயதில் அது கிடுகிடுவென்று உயர்ந்து ஒரே ஆண்டில் இரண்டு ஒட்டுகள் கேட்டது. பக்கத்து வீட்டு ஆசிரியை வாயைப் பிளந்தார். "எங்க வீட்டு வாலு இன்னும் இத்துனூண்டு இருக்கா. உங்க பொட்டலத்துக்கு அப்படி என்னதாங்க குடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒட்டுத்தான் குடுக்கிறேன், டீச்சர்" என்றார் அம்மாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பொட்டலம் பேசவோ பாடவோ செய்யாததால் சலித்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பதினெட்டில் அது வளர்வதை நிறுத்தியது. அப்போது அம்மாளைவிட ஒரு விரற்கடை உயரமாக இருந்தது. ஊரில் பாதி வீடுகளின் திரைகள் அவர் தைத்தவை. ஆனால் மழை பெய்யும் நாள்களில் தம் வீட்டுத் திரையை மட்டும் அவர் இறுக மூடிவைப்பார். அடியோரத்து ஒரு சாணை அவர் தொடவே இல்லை; தைத்து முடித்தால் பிரித்தாக வேண்டுமே. உள்ளே அந்தக் கோட்டு ஒரு துளி நீர்கூடப் படாமல், கடையில் வாங்கியபடியே தொங்கினால், அன்று சுண்டு நனைந்தது நனைந்ததுதான். அதைக் கண்ணால் பார்க்கும் துணிவு தமக்கு இல்லை என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

பொட்டலம் வளர்வதை நிறுத்திச் சில ஆண்டுகள் சென்றபின், கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி எல்லாரையும் காலி செய்யச் சொன்னார்கள். மூட்டை முடிச்சுகளெல்லாம் இறங்கியபின் பொட்டலம் மட்டும் நின்றது. வண்டிக்காரர் அதைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார்.

"இது படி வளைவுல திரும்பாதும்மா. படுக்கப்போட்டுத் தூக்கிரலாமா?"

"படுக்கப்போட வேணாம்ப்பா," என்றார் அம்மாள் அவசரமாக.

மின்பணியாளனாகிவிட்ட மகன் அருகில் வந்தான். "பிரிச்சிரலாம்மா."

"அது உன்னோடது இல்லடா."

"இன்னும் எத்தனை வருஷம்மா, அவ வந்து பிரிப்பான்னு…"

சுருட்டிய மெத்தையின்மேல் உட்கார்ந்திருந்த ஓட்டுநர், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். நண்பகலில் பெய்த மழை விட்டு, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"சாயங்காலம் தரேன்னு சொன்னல்ல. சாயங்காலம் ஆயிடுச்சு."

அம்மாள் தரையில் அமர்ந்து, துருவேறிய ஊசியை உருவியெறிந்துவிட்டுப் புது ஊசியில் நூல் கோத்தார். அந்த ஒரு சாண் ஓரத்தை, கடையில் யாருக்கும் தைத்துத் தராத நெருக்கமான தையலில், நிதானமாகத் தைத்து முடித்தார். வண்டிக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நூலைப் பல்லால் அறுத்தபின் அம்மாள் எழுந்து, உச்சி முடிச்சைத் தம் கையாலேயே அவிழ்த்தார். ஒட்டுகள் நிறைந்த உறை, திரையைப் போல ஒரே வீச்சில் இறங்கியது.

பெட்டியின் மூடியைத் திறந்ததும் உள்ளே கோட்டு தொங்கியது. வளர்ந்த பெண்ணொருத்தியின் அளவுக்கு இருந்தது. தோள்பட்டையில் மஞ்சள் வெளுத்திருந்தது. மூன்றாவது பொத்தான் தொலைந்து, அந்த இடத்தில் பழுப்பு நிறப் பொத்தான் ஒன்று, பழகாத கை ஒன்றால் தைக்கப்பட்டிருந்தது. விளிம்பில் சேறு. மதியத்து மழை அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாள் கோட்டின் உட்புறத்தில் கையை விட்டார். தோள், முதுகு, கைகளின் உள்ளே நுனிவரை தடவிப் பார்த்தார். இப்போதுதான் கழற்றி மாட்டியதைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

"உள்ள நனையலைங்க," என்றார் கணவரிடம். சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னார்: "கொஞ்சங்கூட நனையல."

ஓட்டுநர் எழுந்து வந்து விளிம்பைப் பிழிந்துவிட்டார். "பெருசா வாங்கினது நல்லதாப்போச்சு," என்றார். மகன் உறையைக் கிழியாமல் எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, சட்டப்படி அம்மாவிடம் கொடுத்தான்.

புது வீட்டில் கோட்டு வாசற்கதவின் பின்புற ஆணியில் தொங்குகிறது. மழை நாள்களில் காலையிலேயே ஆணி காலியாகிவிடும். யார் எடுத்துப் போகிறார்கள் என்பதை ஒருவரும் கண்டதில்லை, அம்மாளும் கண்டதில்லை. தொடக்கத்தில் சில நாள்கள் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்தார். கண்ணயர்ந்த ஒரு கணத்தில் கோட்டு திரும்பி வந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் உட்காருவதை விட்டுவிட்டார். புதிதாகப் பழகிய எதிர்வீட்டுப் பெண்மணி, காலி ஆணியைப் பார்த்துவிட்டு, "இங்க மஞ்சக் கோட்டு தொங்குமே. உங்களுக்கு ஒரு பொண்ணும் உண்டாங்க?" என்று கேட்டார். "உண்டுங்க. வெளிய போயிருக்கா," என்றார் அம்மாள். இப்போது மழை தொடங்கினால் அவர் சன்னல் திரையை ஒதுக்கிவிட்டு, ஆணிக்கு நேர் கீழே ஓர் அலுமினியப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தையலுக்கு உட்காருகிறார். மாலையில் கோட்டின் உட்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பாத்திரத்தில் சேர்ந்த நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறார்.