தோள் உயரம்

பேரத்தில் முதலில் எண்ணைச் சொல்கிறவன் தோற்றான் என்பார் என் அப்பா. மேற்குக் குவீன்ஸ்லாந்தில் பண்ணை பண்ணையாகத் துணி விற்ற லெபனான்காரர். நான் காட்டு நாய் சுடுகிறவன் ஆனேன். தொழில் மாறினாலும் விதி மாறவில்லை: எதிராளியை முதலில் பேசவிடு.

அன்று காலை ஆட்டுப்பண்ணைக்காரி வெர்னாவின் பிக்கப் வண்டிப் பின்தட்டில் மண்டியிட்டிருந்தேன். அங்கே அவள் புருஷன் லைல் தன் கையால் செய்த நாய்க்கூண்டு. அதன் மேல் கம்பளியை மடித்துப் போட்டுத் துப்பாக்கியைச் சாய்த்திருந்தேன். நவம்பரில் நாலு சக்கர பைக் கவிழ்ந்து லைல் செத்தான். அதிலிருந்து வெர்னா எதையும் வானிலை அறிக்கை வாசிப்பது போலத்தான் சொல்கிறாள். காட்டு நாய் முப்பத்தொரு ஆட்டுக்குட்டிகளைக் கொன்றுவிட்டது, மிச்சமும் போனால் நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான் என்று போனில் சொன்னதும் அப்படியே.

முல்கா மரங்களுக்குள்ளிருந்து நாய் வந்தது.

தூரம் அளக்கும் என் லேசர் கருவி போன வாரம் மாட்டுத் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. பரவாயில்லை. துப்பாக்கி ஸ்கோப்புக்குள் கோட்டின் மேல் சின்னப் புள்ளிகள் உண்டு. விலங்கு எத்தனை புள்ளி உயரம் தெரிகிறது என்று பார்க்கலாம். அதன் நிஜ உயரமும் தெரிந்தால் தூரம் கிடைத்துவிடும். தூரம் கூடக் கூடக் குண்டு கீழே இறங்கும்; அதை ஈடுகட்ட ஸ்கோப்பின் மேலே இருக்கும் திருகைக் கிளிக் கிளிக்காகச் சுற்ற வேண்டும். சுட்டு முடித்ததும் மறக்காமல் சுழியத்துக்குத் திருப்ப வேண்டும். இருபது வருஷத்தில் நான் மறந்ததில்லை.

காட்டு நாய்க்குத் தோள் உயரம் அறுபது சென்டிமீட்டர். அப்படியானால் தூரம் ஐந்நூறு மீட்டர். முப்பத்திரண்டு கிளிக் சுற்றினேன்.

அந்த நாய் ஆட்டை விரட்டவில்லை. பின்னால் வளைந்து வந்து, தரையோடு பதுங்கி, மந்தையை வேலி மூலைக்கு ஒதுக்கியது. காட்டு நாய்க்கு அதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

விசையிலிருந்து விரலை எடுத்தேன். பேசாமல் இருந்தேன். வெர்னா பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஓர் ஈ நடந்தது. அவள் ஓட்டவில்லை.

"ஸ்பேனர்தான்," என்றாள்.

ஸ்பேனர் லைலின் கெல்பி நாய், ஆடு மேய்க்கப் பழக்கியது. சவ அடக்கத்தன்று காணாமல் போனது.

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"மூணு நாள் வந்து விசிலடிச்சேன். தலையத் தூக்கிப் பாத்துது. அப்புறம் குட்டிய இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

"தெரிஞ்சுக்கிட்டே காட்டு நாய்னு சொல்லி என்னை வரவெச்சிருக்க. கெட்டிக்காரிதான்."

"காட்டு நாய்னா யாரும் பேர் கேக்க மாட்டாங்க, நாஸ்."

"சரி, அறுபதுன்னே வெச்சுக்குறேன். குண்டு முதுகுக்கு மேல போகும். சத்தத்துக்குப் பயந்து ஓடிரும்."

"எங்க ஓடும்? நாளைக்கு வரும். இன்னும் ஆறு வாரம் குட்டி போடும் ஆடுங்க." பைனாகுலரை இறக்கவில்லை. "நாப்பத்தெட்டு."

"அம்பத்தஞ்சு இருக்கும்மா. நல்லா வளந்த நாய்."

"நாப்பத்தெட்டு. இந்தக் கூண்டுக் கதவு அம்பது. லைல் ஸ்பேனரை நிக்கவெச்சு அளந்துதான் செஞ்சான். முதுகுக்கு மேல ரெண்டு சென்டி விட்டான். பேரம் பேசாத."

நாற்பத்தெட்டு என்றால் நானூறு மீட்டர். திருகைப் பத்துக் கிளிக் பின்னால் சுற்றினேன். ஒவ்வொன்றும் கேட்டது. இருபத்திரண்டில் நின்றது.

சுட்டேன்.

ஆடுகள் சிதறின. கொஞ்ச நேரத்தில் மறுபடி மேய ஆரம்பித்தன.

வண்டியை ஓட்டிப் போனோம். வெர்னா நாயைத் தானே தூக்கிக் கூண்டுக்குள் வைத்தாள். நவம்பரிலிருந்து கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த கதவைத் தாழிட்டாள்.

"டோஸ்ட் இருக்கு. ஆறிப்போச்சு. சாப்பிடுறியா?"

சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள். வழியில் மழை பற்றி ஏதோ சொன்னாள். நானும் ஏதோ சொன்னேன்.

மறுநாள் வேறொரு பண்ணையில் காட்டுப் பன்றி. நூறு மீட்டர்தான், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். குண்டு அதற்கு மேலே எங்கேயோ போய் மண்ணைக் கிளப்பியது. பண்ணைக்காரன் சிரித்தான்: "என்ன நாஸ், வானத்துல பறக்குற பன்னியச் சுட்டியா?"

திருகைப் பார்த்தேன். இருபத்திரண்டிலேயே இருந்தது.