எழுதியது ஃப்ரிட்ஜ் பாய் அல்ல

ஜமாஅத் மாதப் பத்திரிகையில் ஃப்ரிட்ஜ் பாய் பெயரில் கட்டுரை வர ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு மவுசு கூடிவிட்டது. ஃப்ரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் பார்க்கிற மனிதருக்குள் இத்தனை சரக்கா என்று, தொழுகை முடிந்து வருகிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எழுதுவதெல்லாம் அவர் மனைவி என்பது பத்திரிகையை நடத்தும் அச்சக முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். "பொம்பளைப் பேரைப் போட்டா ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி பேசுவாங்கம்மா, பாய் பேரையே போட்டுடலாம்" என்று அவர் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சொல்ல வந்தது நாலு பேரைப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

நிக்காஹுக்குப் பெண்ணின் சம்மதம் கேட்பது மார்க்கம் அவளுக்குக் கொடுத்த உரிமை. எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுக் கேட்பது கேள்வியே இல்லை என்று போன இதழில் எழுதியிருந்தாள். மரக்கடை முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், கடைக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினார்.

அதே முதலாளி ஒரு சாயங்காலம் முகம் சிவக்க இவர்கள் வீட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே, கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் வந்தாள்.

"பாய், என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே! மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேன். இவ என்னடான்னா, 'என்கிட்ட கேட்டீங்களா வாப்பா'ன்னு உங்க கட்டுரையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறா!"

ஃப்ரிட்ஜ் பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அது வந்து மாமா... பொதுவா எழுதினது..."

"என்ன பொதுவா? மகளைப் பெத்தவங்களுக்குன்னுதானே போட்டிருக்கீங்க? நான் வேற யாரைப் பெத்தேன்?"

பாய் உள்ளறைத் திரையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். திரைக்குப் பின்னால் நின்றவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் நாளைக்கே ஊரெல்லாம் தன் பேச்சுதான் என்று கொஞ்சம் பயமும் வந்தது. ஆனால் அந்தப் பெண் உதட்டைக் கடித்தபடி தன்னந்தனியாக நிற்பதைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"அவரைத் திட்டாதீங்க மாமா. எழுதினது நான்."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயாம்மா? அப்போ இவரு?"

"நான் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் மாமா பார்க்கிறேன்" என்றார் பாய், போன உயிர் திரும்பி வந்தவராக.

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். முதலாளிக்குத்தான் ஆறவில்லை. "பொம்பளை எழுதினதையா நான் ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டினேன்?"

"ஆம்பளை எழுதினதுன்னு நினைச்சப்போ நல்லாத்தானே இருந்துச்சு? ஒரு எழுத்துகூட மாறலையே மாமா."

அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்ககிட்ட இப்போ பேசுவேன்?"

"அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல இவகிட்ட கேளுங்க. பக்கத்துலதானே நிக்கிறா."

சாப்பிட்டாயா, தலைவலி விட்டதா என்று மகளிடம் தினமும் கேட்கிறவர்தான். இதைக் கேட்க மட்டும் அவருக்கு நாக்கு புரளவில்லை. ஒருவழியாக மகள் பக்கம் திரும்பினார்.

"சொல்லும்மா. உன் மனசுல என்ன இருக்கு?"

"படிப்பு முடியட்டும் வாப்பா. அப்புறம் வர்றவர்கிட்ட நான் ஒரு தடவை பேசிப் பார்க்கணும். பிடிச்சாத்தான் கட்டிக்குவேன்."

"இவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டாத்தானே!"

மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலாளி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் மகள் சொன்னதை விட்டுக்கொடுக்கவில்லை.

பாயின் மனைவியும் சும்மா இருக்கவில்லை. அச்சக முதலாளிக்குப் போன் போட்டு, "இனிமே என் பேரு வரணும். இல்லைன்னா கட்டுரை கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவர் மென்று விழுங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சம்மதித்தார். அடுத்த இதழில் அவள் பெயரைப் பார்த்ததும் ஜமாஅத் கமிட்டிக்காரர்கள் சிலர் பத்திரிகை வாங்குவதை நிறுத்தினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதையே பக்கத்து வீட்டில் வாங்கிப் படித்தார்கள்.

பள்ளிவாசலில் பெண்கள் தொழ ஏன் இடமில்லை என்று அவள் அடுத்த கட்டுரையைத் தொடங்கினாள். தோளுக்கு மேலாக எட்டிப் படித்த பாய்க்கு வியர்த்தது.

"ஏம்மா, இதுக்கு யார் யாரெல்லாம் கிளம்பி வரப்போறாங்களோ!"

"வரட்டுமே. இந்தத் தடவை நேரா என்கிட்டயே வருவாங்க" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள்.