நாற்பத்தொரு டிகிரி

மாத்தளை மாவட்டத்தில் ஒரு மதர்போர்டையும் புரொசசரையும் விஞ்ஞான முறைப்படி சோதிக்கத் தெரிந்த மனிதன் ஒருவனே உண்டு, அவன் இத்ரூஸ். இதைச் சொன்னதும் இத்ரூஸ்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடிக் கடையில், கண்டியில் மூன்று மாதம் படித்து வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டி, அதற்கு நேர் கீழேயே உட்கார்ந்திருப்பான்.

அன்று அவனைக் கொதிக்கவைத்தவள் டைப்பிங் கடை கமலாட்சி. அவளுடைய கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையாகப் பாதி வரியில் செத்துப்போயிருந்தது. தவணைப் பரீட்சைத் தாள்கள் நாளைக் காலை பள்ளிக்கூடம் போய்ச் சேரவேண்டும். தவறினால் அதிபர் இனி அவள் கடைப் பக்கமே திரும்பமாட்டார்.

இத்ரூஸின் மேசையில் திறந்துகிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அவள் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "தம்பி, இதுக்குக் காய்ச்சல் அடிக்குது."

"காய்ச்சலா! கைய எடுங்க அக்கா! இது என்ன தொட்டில் புள்ளயா? கொத்தமல்லி அவிச்சு ஊத்தட்டா?" இத்ரூஸின் மூக்கு விடைத்தது. "ஒரு மணித்தியாலமா முழு வேகத்துல ஓட்டிச் சோதிக்கிறேன். ஸ்கிரீனப் பாருங்க, நாப்பத்தொரு டிகிரி. மெஷின் பொய் சொல்லாது."

"காலையில பனிக் குளிருல ஓன் பண்ணினப்பவும் நாப்பத்தொண்ணுதாங்க காட்டுச்சு."

"அதுக்குப் பேருதான் ஸ்டெடி!"

சொல்லி வாய் மூடவில்லை. நாற்பத்தொன்று என்று காட்டிக்கொண்டே கம்ப்யூட்டர் அணைந்தது.

"பாத்தீங்களா? நீங்க கை வெச்சதால வந்த வினை!"

கமலாட்சி கடிகாரத்தைப் பார்த்தாள். "அதிபருக்கு ஒரு போன் கோல் எடுத்துட்டு வாறேன்," என்று படியிறங்கினாள். கெஞ்சத்தான் போகிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

'கை வைத்துக் காய்ச்சல் பார்க்கிறார்களாம்! படித்தவனுக்கு இந்த ஊரில் மரியாதையே இல்லை!' புரொசசரின் மேலிருந்து அதன் சூட்டை இறக்கும் அலுமினியத் தகட்டைக் கோபத்தோடு ஓர் ஆட்டு ஆட்டினான். தகடும் ஆடியது. ஆடக்கூடாதது. ஒரு பக்கக் கொக்கி கழன்றிருந்தது.

சத்தமில்லாமல் பழைய பசையைத் துடைத்து, சூடு கடத்தும் புதுப் பசை பூசி, கொக்கியை மாட்டினான். மறுபடி முழு வேகத்தில் ஓட்டினான். சூடு இறங்கிவிட்டதா? திரை சொன்னது: நாற்பத்தொன்று.

இத்ரூஸ் படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தான். யாருமில்லை.

புறங்கையைப் பெட்டிக்குள் வைத்தான். எடுத்துத் தன் கழுத்தில் வைத்தான். மறுபடி உள்ளே வைத்தான்.