சொந்தச் சம்பளம்

தொழிலாளர் துறை ஆய்வாளர் நாளை வருகிறார் என்று தெரிந்ததும், சலவைக்கூடத்தின் கணக்கனான என்னை வாத்தியார் ஆக்கிவிட்டார் முதலாளி. அரசாங்கம் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளம் பதினெட்டாயிரத்து இருநூறு. பதிவேட்டில் அதை எழுதுபவன் நான். கையில் பதினோராயிரம் கொடுப்பவனும் நான்தான். ஆய்வாளர் கேட்டால் பதிவேட்டுத் தொகையையே சொல்ல வேண்டும் என்று எல்லாரையும் பழக்கினேன்.

இஸ்திரி போடும் அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் தடுமாறினாள்.

“சொந்தச் சம்பளம்கூடவா மறக்கும்?” என்று எரிந்து விழுந்தேன்.

“வாங்கியிருந்தா மறந்திருப்பேனா தம்பி?” என்றாள், கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்காமலே.

மறுநாள் ஆய்வாளர் கேட்டபோது அவள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டாள். மற்றவர்களும் அப்படியே. என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவர் பேனாவைத் திறந்தபடி என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு எவ்வளவு?”

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான் என் எண்ணைப் படிக்க மறந்திருந்தேன். கணக்கனுக்கு வேறு தொகை எழுதியது நினைவிருந்தது. எவ்வளவு என்பதுதான் வரவில்லை. கை தானாகப் பதிவேட்டை இழுத்தது.

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார்.

“அவசரமில்ல, பாத்தே சொல்லுங்க” என்றார். நான் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள், எல்லாம் சரி என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.